எந்த வெள்ளத்துக்குப் பாலம் கட்டுகிறோம்?

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்து நான்கைந்து நாள்கள் ஆகியிருந்தன. வண்ணார்பேட்டையில் எங்கள் தெருவில் எல்லோரும் சேறு அள்ளிக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு அண்ணாச்சி, சுவரில் படிந்திருந்த தண்ணீர்க் கோட்டை முழம் போட்டு அளந்துவிட்டு, நலம் விசாரிக்க வந்திருந்த என் நண்பரிடம் கேட்டார்: "சார், இனிமே வீடு கட்டினா எத்தனை அடி ஏத்திக் கட்டணும்?"

நண்பர் கட்டமைப்புப் பொறியாளர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாலங்களையும் கட்டடங்களையும் வடிவமைத்தவர். மூன்றடி, நான்கடி என்று ஏதேனும் ஓர் எண்ணைச் சொல்வார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, "எந்த வெள்ளத்துக்கு, அண்ணாச்சி?" என்று திருப்பிக் கேட்டார்.

கேள்விக்குக் கேள்வியே பதிலா என்று அண்ணாச்சிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால், நாற்பது ஆண்டுகள் பொருளாதாரம் படித்தும் கற்பித்தும் வந்த எனக்கு, அந்த ஒற்றைக் கேள்வி பெரிய கதவொன்றைத் திறந்துவிட்டது. ஒரு கட்டடம் எதைத் தாங்க வேண்டும் என்பது கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் உண்மை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். எதைத் தாங்க வேண்டும் என்று யாரோ முதலில் தீர்மானிக்கிறார்கள். கணக்கு அதன் பிறகே தொடங்குகிறது. அந்தத் தீர்மானத்தில் பணம் இருக்கிறது, உயிர் இருக்கிறது, அண்டை வீட்டாரின் நலன் இருக்கிறது. அது பொறியியலுக்கு வெளியே நிற்கும் முடிவு. நம் எல்லோருக்கும் பொதுவான அந்த முடிவை, நமக்குத் தெரியாமலேயே நம் சார்பில் வேறு யாரோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதைப் புரிந்துகொள்ளத் தொலைவில் எங்கும் போக வேண்டியதில்லை. எங்கள் ஊர்ப் பாலமே போதும்.

சுலோச்சன முதலியார் பாலம்

திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைத்து, வண்ணார்பேட்டைக்கும் கொக்கிரகுளத்துக்கும் அருகே தாமிரபரணியின் குறுக்கே நிற்கும் சுலோச்சன முதலியார் பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு ஆற்றைக் கடக்கப் படகுதான். படகுத்துறை நெரிசலும் சச்சரவும் பெருகியதால், 1840-இல் ஆட்சியராக இருந்த ஈ.பி. தாம்சன் பாலம் கட்ட முனைந்தார். பணம் திரளவில்லை. ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராகப் பணியாற்றிய சுலோச்சன முதலியார் செலவைத் தாமே ஏற்க முன்வந்தார். அவருடைய மனைவி வடிவாம்பாள் தம் நகைகளைக் கழற்றித் தந்தார் என்று நெல்லை மக்கள் இன்றும் சொல்வார்கள். லண்டன் தேம்ஸ் ஆற்றின் மேலிருந்த வாட்டர்லூ பாலத்தைப் பின்பற்றி ஹார்ஸ்லி என்ற ஆங்கிலேயர் இதை வடிவமைத்தார். 760 அடி நீளம், 21.5 அடி அகலம், 11 வளைவுக் கண்கள்.

ஹார்ஸ்லியின் முன்னால் இருந்த கேள்விகளே இன்றைய பொறியாளரின் முன்னாலும் இருக்கின்றன. எவ்வளவு தண்ணீர் வரும்? அதற்கு எவ்வளவு வழி விட வேண்டும்? தூண் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும்? மேலே எவ்வளவு பாரம் போகும்? கணக்கு தவறினால் என்ன மிச்சம் இருக்கும்?

அன்று ஆற்றில் பாயும் நீரை ஆண்டுக்கணக்கில் அளந்த பதிவேடு எதுவும் ஹார்ஸ்லியின் கையில் இருந்திருக்க வாய்ப்பில்லை. ஊர்ப் பெரியவர்களின் நினைவும் கரையோரத்து அடையாளங்களுமே ஆதாரம். 1869-இல் வந்த வெள்ளம் பாலத்தைச் சேதப்படுத்தியது. பின்னர் அது சீரமைக்கப்பட்டது. ஆக, இந்தப் பாலம் கால் நூற்றாண்டுக்குள் ஒருமுறை தோற்று, அதிலிருந்து மீண்டு நிற்பது. கடந்த நூற்றாண்டில் அகலப்படுத்தப்பட்டது. அண்மையில் அதன் பக்கத்திலேயே புதிய பாலமும் எழுந்தது. 2023 வெள்ளத்தில் சந்திப்புப் பகுதியிலும், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, மீனாட்சிபுரம் ஆற்றோரத் தெருக்களிலும் தண்ணீர் புகுந்தது, பாலம் நின்றது.

நூறாண்டு வெள்ளம் என்பது என்ன?

இனி, நண்பரின் கேள்விக்கு வருவோம். நம் நாட்டில் பாலங்களுக்கான விதிமுறைகளை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ், பெரிய பாலங்களை 100 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்துக்கு வடிவமைக்கச் சொல்கிறது. சிறு பாலங்களுக்கு 50 ஆண்டு வெள்ளம் அளவுகோல்.

'நூறாண்டு வெள்ளம்' என்ற சொல்லைப் போல் மக்களைத் திசைதிருப்பும் சொல் வேறில்லை. 2023-இல் வந்துவிட்டது, இனி 2123-இல்தான் வரும் என்று ஆறுதல் கொள்வோர் உண்டு. அதன் பொருள் வேறு. எந்த ஓர் ஆண்டிலும் அவ்வளவு வெள்ளம் வருவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்று, அவ்வளவே. நூறு சீட்டுகள் கொண்ட குடத்தில் ஒவ்வோர் ஆண்டும் கைவிட்டு ஒரு சீட்டை எடுத்துப் பார்த்து, அதைத் திரும்பப் போட்டுவிடுவதைப் போன்றது இது. சென்ற ஆண்டு வெள்ளச் சீட்டு வந்ததா இல்லையா என்பது குடத்துக்குத் தெரியாது.

கணக்கிட்டால், 30 ஆண்டுகளில் ஒருமுறையேனும் அந்தச் சீட்டு வருவதற்கான வாய்ப்பு 26 விழுக்காடு. 100 ஆண்டுகளில் 63 விழுக்காடு. நூறாண்டு நிற்கட்டும் என்று கட்டும் பாலம், தன் வாழ்நாளில் தனக்கு வகுத்த வெள்ளத்தையோ அதைவிடப் பெரியதையோ பார்ப்பதற்கே வாய்ப்பு அதிகம். முப்பது ஆண்டு வங்கிக் கடனில் ஆற்றோரம் வீடு வாங்குபவர், கடன் அடைவதற்குள் அந்த வெள்ளத்தைச் சந்திக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பை ஏற்றுக்கொண்டே கையெழுத்துப் போடுகிறார்.

சிக்கல் இத்துடன் முடியவில்லை. நூறாண்டு வெள்ளத்தைக் கண்டறிய, பெரும்பாலும் நம்மிடம் இருப்பது ஐம்பது அறுபது ஆண்டு அளவீடுகள். அந்தக் குறுகிய பதிவை நீட்டித்துத்தான் பெரிய எண்ணை ஊகிக்கிறார்கள். 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தில் சராசரியாக ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட இது அதிகம். இப்படி ஒரே ஒரு நாள் பதிவேட்டில் ஏறும்போது, பழைய நூறாண்டு வெள்ளம் எண்பதாண்டு வெள்ளமாகவோ ஐம்பதாண்டு வெள்ளமாகவோ சுருங்கிவிடக்கூடும். ஆற்றுக்குக் குறுக்கே ஏற்கெனவே நிற்கும் பாலம் அங்குலம்கூட மாறாதிருக்க, அது தரும் பாதுகாப்பு மட்டும் குறைந்துபோகிறது.

தண்ணீருக்கு விடும் வழி

அடுத்த கேள்வி, எவ்வளவு நீளப் பாலம் என்பது. பாலத்தின் செலவில் பெரும்பகுதி அதன் நீளத்தைப் பொறுத்தது. இரு கரைகளிலிருந்தும் மண் மேடு போட்டு ஆற்றுக்குள் கொஞ்சம் முன்னேறி வந்துவிட்டால், நடுவில் கட்ட வேண்டிய பாலம் குறுகும், கோடிகள் மிச்சமாகும். எவ்வளவு குறுக்கலாம்?

இந்திய நீர்ப்பாசனத் துறையில் பணியாற்றிய ஜெரால்டு லேசி 1930-ஐ ஒட்டி வகுத்த விதியை இன்றும் நம் பொறியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். விநாடிக்கு எத்தனை கனமீட்டர் நீர் பாயும் என்பதன் வர்க்கமூலத்தை 4.8-ஆல் பெருக்கினால், ஆறு தனக்கென எடுத்துக்கொள்ளும் அகலம் மீட்டரில் கிடைக்கும். கணக்குக்காக, விநாடிக்கு 1 லட்சம் கனஅடி என்று கொள்வோம். அது ஏறக்குறைய 2,830 கனமீட்டர். வேண்டிய அகலம் 255 மீட்டர். இது வண்டல் படுகையில் ஓடும் ஆறுகளுக்கான விதி. பாறையும் உயர்ந்த கரையும் உள்ள இடத்துக்கு அப்படியே பொருந்தாது. எனினும், ஓர் ஒப்பீட்டுக்காகச் சொல்கிறேன்: 1843-இல் கட்டிய நம் பாலத்தின் நீளம் 760 அடி, அதாவது 232 மீட்டர். லேசி பிறப்பதற்கு முன்பே, ஆற்றைப் பார்த்து அகலம் கொடுத்திருக்கிறார்கள்.

பாலத்தைக் குறுக்கினால் என்ன ஆகும்? தண்ணீர் பாலத்துக்கு மேற்புறம் தேங்கி உயரும். பிறகு குறுகிய வழியில் வேகமெடுத்துப் பாயும். உயர்ந்த தண்ணீர் மேற்புறத்துத் தெருக்களுக்குள் புகும். பாலம் கட்டிய துறைக்குச் செலவு குறைந்தது. அந்தக் குறைவுக்கு விலை கொடுப்பவர் பாலத்தின் வரவுசெலவுக் கணக்கிலேயே இடம்பெறாத ஒரு குடும்பம். பொருளாதாரத்தில் இதைப் புறவிளைவு என்போம். ஆலைக் கழிவு ஆற்றில் கலப்பதற்குச் சொல்லும் அதே சொல், ஆற்றுக்குள் நீளும் மண் மேட்டுக்கும் பொருந்தும்.

எங்கள் தெருவிலும் இதே கதைதான். வெள்ளத்துக்குப் பின் புதிதாகக் கட்டுவோர் தரைமட்டத்தை உயர்த்துகிறார்கள். சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டுத் தெருவும் உயர்கிறது. உயர்த்த வசதியில்லாத பழைய வீடுகள் பள்ளத்தில் அமிழ்கின்றன. ஒருவர் வாங்கும் பாதுகாப்பு, அடுத்தவர் வீட்டு முற்றத்தில் தண்ணீராக நிற்கிறது. அண்ணாச்சிக்கு 'நான்கடி' என்று சொல்லிவிட என் நண்பர் தயங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணுக்குத் தெரியாத ஆழம்

பாலங்கள் பெரும்பாலும் மேலிருந்து நொறுங்கி விழுவதில்லை. அடியில் மண் அரித்துப்போய்ச் சாய்கின்றன. வெள்ளம் தூணில் மோதும்போது கீழ்நோக்கிச் சுழன்று, தூணைச் சுற்றிக் குழி பறிக்கிறது. வெள்ளம் வடியும்போது மணல் திரும்ப வந்து குழியை மூடிவிடும். மறுநாள் பார்ப்பவருக்கு ஆற்றுப்படுகை எப்போதும் போலவே தெரியும். இதனால்தான், ஆற்றின் பொதுவான அரிப்பு ஆழத்தைக் கணக்கிட்டு, தூண்களுக்கு அதைப் போல் இரு மடங்கு அரிப்பு ஏற்படும் எனக் கொள்ளுமாறு நம் விதிமுறை சொல்கிறது. அதற்கும் கீழே அடித்தளம் போக வேண்டும்.

இதில் நம் பாலத்தின் மூதாதையே நமக்குப் பாடம். ஜான் ரென்னி வடிவமைத்து 1817-இல் திறக்கப்பட்ட வாட்டர்லூ பாலம், அழகுக்கும் உறுதிக்கும் பெயர் பெற்றது. அதற்குக் கீழ்ப்புறத்தில் பழைய லண்டன் பாலம் நெருக்கமான தூண்களுடன் ஓர் அணையைப் போலத் தண்ணீரைத் தடுத்து வைத்திருந்தது. 1831-இல் புதிய லண்டன் பாலம் வந்ததும் பழையது அகற்றப்பட்டது. தேம்ஸ் வேகமெடுத்தது, வாட்டர்லூ தூண்களின் அடியில் அரிப்பு தொடங்கியது. 1920-களில் தூண்கள் அமிழ்ந்து, 1930-களில் பாலம் இடிக்கப்பட்டது. ரென்னியின் கணக்கில் பிழையில்லை. அவர் கணக்குப் போட்ட ஆறு பிறகு வேறு ஆறாகிவிட்டது. மூலம் மறைந்துவிட்டது, அதைப் பார்த்துக் கட்டிய பாலம் தாமிரபரணியில் நிற்கிறது.

அதையும் வேறு ஆறாக்கும் வேலையை நாம் செய்யாமல் இல்லை. மணல் அள்ளப்படும் ஆற்றில் படுகையின் மட்டம் இறங்குகிறது. இருபதடி ஆழத்தில் புதைந்திருந்த அடித்தளம், படுகை ஐந்தடி தாழ்ந்தால், யாரும் தொடாமலேயே பதினைந்தடி அடித்தளமாகிவிடும். மூத்த தலைவர் இரா. நல்லகண்ணு தொடுத்த வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2010-இல் தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு ஐந்தாண்டுத் தடை விதித்தது. குடிநீருக்கும் பாசனத்துக்குமான தீர்ப்பாகவே அது பேசப்பட்டது. ஆற்றிலுள்ள ஒவ்வொரு பாலத்தின் ஆயுளையும் காத்த தீர்ப்பு என்றும் அதைச் சொல்லலாம். மணல் விற்ற விலையில் பாலத்தின் தேய்மானம் ஒருபோதும் சேர்வதில்லை.

எதிர்ப்பதா, வழிவிடுவதா?

எல்லாக் கட்டுமானமும் வெள்ளத்துக்கு மேலே தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதில்லை. பாலத்துக்கு மேற்கே, ஆற்றுக்குள்ளேயே அமர்ந்திருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலை நெல்லைக்காரர்கள் எல்லோரும் அறிவார்கள். நீரை எதிர்கொள்ளும் பக்கத்தில் அதன் மதில் படகின் முனையைப் போல அமைந்து, வரும் வெள்ளத்தை இரு பக்கமும் பிளந்து அனுப்புகிறது. வெள்ளம் வருமுன் உற்சவரை மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்துவிடுவார்கள். கோயில் மூழ்கும், வடிந்ததும் கழுவிவிட்டுப் பூசை தொடரும். 2023-லும் அப்படியே மூழ்கியது, அப்படியே மீண்டது. கட்டியவர்கள் வெள்ளத்தைத் தடுக்க நினைக்கவில்லை. மூழ்கினால் எது பாழாகும், எதை முன்கூட்டியே நகர்த்தலாம், எது கல்லாக இருக்க வேண்டும் என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

நம் கிராமங்களின் தரைப்பாலங்களும் தாம்போதிகளும் இதே சிந்தனையில் பிறந்தவை. ஆண்டில் சில நாள்கள் போக்குவரத்து நிற்கும். மற்ற நாள்களில் குறைந்த செலவில் ஊர் இணைந்திருக்கும். மாற்று வழி உள்ள ஊருக்கு இது நியாயமான தேர்வு. ஒரே வழியுள்ள ஊருக்கு, அந்தச் சில நாள்களில்தான் பிரசவமும் பாம்புக்கடியும் நேரும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எது முதலில் உடைய வேண்டும் என்பதும் வடிவமைப்பின் பகுதிதான். 2023 டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அள்ளிக்கொண்டு போய், தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. நூற்றுக்கணக்கான பயணிகள் உணவின்றி நீர் சூழத் தவித்தார்கள். அதே வெள்ளத்தில் ஏரலில் பாலத்தை ஒட்டிய இணைப்புச் சாலை அரித்துச் செல்லப்பட்டு ஊர் துண்டானது. இரும்பும் கான்கிரீட்டும் நிற்க, அவற்றைத் தொட்டுக்கொண்டிருந்த மண் போய்விட்டது. பாலத்துக்கு நூறாண்டு வெள்ளம், அதன் இணைப்புச் சாலைக்கு அதைவிடச் சிறிய வெள்ளம் என்று கணக்குப் போட்டால், ஊர் மக்களுக்குக் கிடைப்பது சிறிய கணக்கின் பாதுகாப்புதான். மண் மேடு உடைந்து தண்ணீருக்கு வழிவிட்டதால் பாலம் பிழைத்தது என்று வாதிடுவதற்கும் இடமுண்டு. மண்ணைத் திரும்பக் கொட்டுவது எளிது, பாலம் கட்டுவது கடினம். அப்படித்தான் நினைத்தோமா, அல்லது நினைக்கவே இல்லையா என்பதே கேள்வி.

கையிருப்பு என்னும் மிகை

பாரத்தின் கணக்கிலும் இதே கதைதான். மாட்டு வண்டிகளுக்காகக் கட்டிய வளைவுப் பாலம் பேருந்துகளைச் சுமக்கிறது. வளைவில் கல்லும் செங்கல்லும் ஒன்றையொன்று அழுத்தியே நிற்கின்றன. பாலத்தின் சொந்த எடையே மிகப் பெரியது. மேலே போகும் வண்டியின் எடை அதற்கு முன் சிறியது. அன்றைய கட்டுநர்கள் அறியாமலே விட்டுச்சென்ற இந்த மிகை, நூற்றெண்பது ஆண்டு வளர்ச்சியை உள்வாங்கிக்கொண்டது. இன்று நெடுஞ்சாலைப் பாலங்களை 100 டன் கனரக வண்டித் தொடரையும் தாங்குமாறு வடிவமைக்கிறார்கள்.

இன்று மிகை தற்செயலாக அமைவதில்லை, அளந்து வைக்கப்படுகிறது. கான்கிரீட் கட்டுமானங்களுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ்.456. வரக்கூடிய பாரத்தை ஒன்றரை மடங்காகக் கொள் என்கிறது அது. கான்கிரீட்டின் வலிமையை 1.5-ஆலும் கம்பியின் வலிமையை 1.15-ஆலும் வகுத்துக்கொள் என்கிறது. தொழிற்சாலையில் உருவாகும் கம்பியைவிட, வெயிலில் கொத்தனாரின் கையால் கலக்கப்படும் கான்கிரீட்டை அதிகம் சந்தேகப்படு என்பது இதன் பொருள். குறிப்பிட்ட வலிமைக்குக் கீழே போகும் கான்கிரீட் மாதிரிகள் நூற்றில் ஐந்துக்கு மேல் இருக்கக்கூடாது என்றும் அது வரையறுக்கிறது. அதாவது, ஐந்து வரை இருக்கலாம் என்று ஏற்றுக்கொள்கிறது.

இந்தக் கையிருப்பு, மனிதப் பிழையை ஓரளவுக்கே மன்னிக்கும். 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில், கட்டி முடிக்கும் நிலையிலிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் உயிரிழந்தார்கள். மண்ணின் தாங்குதிறனும் தூண்களின் வடிவமைப்பும் விசாரணையில் கேள்விக்குள்ளாயின. இறந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே கூலி வேலை செய்தவர்கள். அந்தக் கட்டடத்தில் ஒருநாளும் குடியேறியிருக்க முடியாதவர்கள். பாதுகாப்பில் மிச்சம் பிடித்தவர் ஒருவர், அதற்கு விலை கொடுத்தவர் வேறொருவர் என்னும் விதி இங்கும் மாறவில்லை. நம் வீடுகளிலும், மண் பரிசோதனைக்கும் கட்டமைப்பு வரைபடத்துக்கும் கேட்கும் தொகையைப் பேரம் பேசிக் குறைத்துவிட்டு, அதைப் போலப் பல மடங்கைத் தரை ஓடுகளுக்கு முகம் சுளிக்காமல் கொடுக்கிறோம்.

யார் தீர்மானிப்பது?

1953-இல் வடகடல் பொங்கி நெதர்லாந்தில் 1,836 பேர் மாண்டார்கள். கடற்கரை அணைகளை எவ்வளவு உயர்த்துவது என்று முடிவு செய்ய அந்நாட்டு அரசு ஒரு குழுவை அமைத்தது. கணிதவியலாளர் டேவிட் வான் டான்ட்சிக் அந்தக் கேள்வியைக் கணக்காக்கி, 1956-இல் 'எகனோமெட்ரிகா' என்ற பொருளாதார ஆய்விதழில் வெளியிட்டார். அணையை ஒவ்வோர் அடி உயர்த்தும்போதும் செலவு கூடுகிறது. வெள்ளத்தால் வரக்கூடிய இழப்பு குறைகிறது. இரண்டின் கூட்டுத்தொகை எந்த உயரத்தில் மிகக் குறைவோ, அதுவே உகந்த உயரம். மக்களும் தொழிலும் செறிந்த மத்தியப் பகுதிக்கு 10,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் என்ற அளவு வந்தது. மற்றப் பகுதிகளுக்குக் குறைவான அளவுகள். முக்கியமானது எண் அன்று. அது வெளிப்படையாக விவாதிக்கப்பட்டுச் சட்டத்தின் பகுதியானது என்பதே.

இந்த முறையில் ஒரு பொறியும் உண்டு. என் துறையைச் சார்ந்தது என்பதால் சொல்லியாக வேண்டும். எதிர்கால இழப்பை இன்றைய மதிப்புக்கு மாற்ற ஒரு தள்ளுபடி விகிதத்தைப் பயன்படுத்துகிறோம். ஐம்பது ஆண்டு கழித்து நேரும் 100 கோடி ரூபாய் இழப்பு, 4 விழுக்காட்டில் இன்றைக்கு ஏறத்தாழ 14 கோடி; 10 விழுக்காட்டில் வெறும் 85 லட்சம். விகிதத்தைச் சற்றே ஏற்றினால், பேரக்குழந்தைகளின் வெள்ளம் கணக்கிலிருந்தே மறைந்துவிடும். ஆகவே, கணக்கு மட்டும் போதாது. கணக்கில் எதை இட்டோம் என்பதும் ஊருக்குத் தெரிய வேண்டும்.

நம்மிடம் நல்ல விதிமுறைகள் இருக்கின்றன, திறமையான பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஆனால், ஒப்பந்தப்புள்ளியில் குறைந்த தொகை கேட்டவருக்கே பணி என்னும் நடைமுறை, இன்றைய செலவை மட்டுமே பார்க்கிறது. கூடுதல் பாதுகாப்புக்குக் கொள்ளை விலை கொடுக்க வேண்டும் என்ற எண்ணமும் சரியன்று. லேசியின் விதிப்படி, வெள்ளம் இரு மடங்கானால் நீர்வழியின் அகலம் 41 விழுக்காடு கூடினால் போதும். அகலம் மாறாவிட்டால் அரிப்பின் ஆழம் ஏறக்குறைய 59 விழுக்காடு கூடும். பாதுகாப்பு கூடும் வேகத்தில் செலவு கூடுவதில்லை. கட்டிய பிறகு அடித்தளத்தை ஆழப்படுத்துவதுதான் பெருஞ்செலவு.

மூன்று சிறிய மாற்றங்களை நாம் கேட்கலாம். முதலாவது, ஒவ்வொரு பாலத்திலும் திறந்துவைத்தவரின் பெயரைப் பொறிக்கும் கல்லிலேயே, எந்த அளவு வெள்ளத்துக்கு, எத்தனை ஆண்டு ஆயுளுக்கு வடிவமைக்கப்பட்டது, கடைசியாக எப்போது ஆய்வு செய்யப்பட்டது என்பதையும் எழுத வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு பெருவெள்ளத்துக்குப் பிறகும் தூண்களின் அடியில் அரிப்பை அளந்து, ஆற்றுப்படுகையின் மட்டத்தோடு சேர்த்து வெளியிட வேண்டும். மூன்றாவது, 2023-இல் தண்ணீர் எட்டிய உயரத்தை ஆற்றோரத் தெருக்களிலும் பாலத் தூண்களிலும் அழியாத கோடாகக் குறித்து வைக்க வேண்டும். எங்கள் தெருச் சுவர்களில் இருந்த கோடுகள் ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளையடிப்பில் மறைந்துவருகின்றன. நாளை இங்கு மனை வாங்க வருபவருக்கு அதைச் சொல்ல ஆளிருக்காது.

சுலோச்சன முதலியார் தம் கைப்பணத்தைக் கொடுத்தார். என்ன வாங்குகிறோம் என்பதை அருகிலிருந்தே பார்த்துத் தெரிந்துகொண்டார். இன்று பாலம் கட்டுவது நம் எல்லோருடைய வரிப்பணம். வாங்கியது எந்த வெள்ளத்துக்கான பாலம் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அண்ணாச்சி கடைசியில் தம் பழைய வீட்டை இடிக்கவில்லை; மின் இணைப்புப் பெட்டியையும் பத்திரங்கள் இருந்த அலமாரியையும் மாடிக்கு மாற்றிவிட்டார். "நம்ம முருகன் கோயில் மாதிரிதான், சார்" என்றார். எந்த வெள்ளத்துக்கு எது என்று அவர் தம் அளவில் முடிவு செய்துவிட்டார். ஊர் இன்னும் முடிவு செய்யவில்லை.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).